ஆய்வேட்டின் முதல் இருபது வரிகள்

கணிதத்திலோ இயற்பியலிலோ கணினியியலிலோ எழுதப்பட்ட ஓர் இந்திய ஆய்வேட்டின் லேடெக் கோப்பைத் திறந்தால், தலைப்புப் பக்கத்துக்கும் முன்னால் இருபது முப்பது வரிகள் நிற்கும். ஏஎம்எஸ்மேத், ஜியோமெட்ரி, பேபல், டிக்ஸ், மைக்ரோடைப், ஹைப்பர்ரெஃப் என்று வெறும் பெயர்களின் அணிவகுப்பு. அந்த வரிகள் அச்சில் வருவதில்லை. பெரும்பாலும் ஆய்வாளரே அவற்றை எழுதியிருக்கவும் மாட்டார். மூத்த மாணவர் ஒருவரின் கோப்பிலிருந்து வந்திருக்கும். அந்த மூத்தவருக்கு அவருடைய மூத்தவரிடமிருந்து. எந்த வரி எதற்கு என்ற அறிவு வழியில் எங்கோ தொலைந்துவிட, எதையாவது எடுத்தால் எல்லாம் கெட்டுவிடும் என்ற அச்சம் மட்டும் பத்திரமாகக் கைமாறி வருகிறது.

அச்சில் வருகிற நன்றியுரையில் நெறியாளர், துறைத்தலைவர், ஆய்வக நண்பர்கள், விடுதித் தோழர்கள், பெற்றோர், உதவித்தொகை தந்த நிறுவனம் என எல்லோரும் இருப்பார்கள். அந்த இருபது வரிகளுக்குப் பின்னால் உழைத்தவர்கள் இருக்கமாட்டார்கள். துணைநூற்பட்டியலிலும் அவர்கள் இல்லை. இதை நன்றிமறதி என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் சிக்கல் பண்பாடு பற்றியது அன்று. மேக்ரோ தொகுப்பு எழுதுவது ஆய்வுப்பணியா என்ற கேள்விக்கு நம் கல்விப்புலம் வாய்திறந்து பதில் சொன்னதில்லை. அதன் நடைமுறையோ 'இல்லை' என்கிறது. இதனால் ஏற்படும் இழப்பைப் பெரிதும் சுமப்பவர்கள் ஆங்கிலத்தில் எழுதும் கணிதர்கள் அல்லர். தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் ஆய்வு எழுத முனைபவர்களே.

மேக்ரோ என்பது என்ன என்பதிலிருந்து தொடங்கவேண்டும். 1977இல் டொனால்ட் கனூத், தம்முடைய பெருநூலான 'கணினி நிரலாக்கக் கலை'யின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படிகளைப் பார்த்து மனம் வெறுத்தார். உலோக எழுத்தில் கோத்த முதற்பதிப்பின் அழகு ஒளியச்சுக் கோப்பில் காணாமற்போயிருந்தது. ஓராண்டில் முடித்துவிடலாம் என்று அவர் தொடங்கிய வேலை பத்தாண்டைத் தின்றது. அதன் விளைவுதான் டெக். இந்த அமைப்பின் அடித்தளம் வியக்கத்தக்க அளவு சிறியது. உள்ளே பிறவிக் கட்டளைகள் ஏறத்தாழ 300. அவற்றின்மேல் கனூத்தே எழுதிச் சேர்த்த 'பிளெய்ன் டெக்' என்னும் மேக்ரோ தொகுப்பில் இன்னும் 600. அவ்வளவுதான்.

அடித்தளத்துக்கு எழுத்து தெரியும், பெட்டி தெரியும், பெட்டிகளுக்கிடையே நீண்டு சுருங்கும் இடைவெளி தெரியும். ஒரு பத்தியின் வரிகளை ஒவ்வொன்றாக உடைக்காமல், முழுப் பத்தியையும் எடைபோட்டு எங்கே உடைத்தால் மொத்தத்தில் அழகு கெடாது என்று கணக்கிடவும் தெரியும். ஆனால் 'இயல்' என்றால் என்ன, 'துணைத்தலைப்பு' என்றால் என்ன, 'துணைநூற்பட்டியல்' என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. அவற்றையெல்லாம் கற்பிப்பவை மேக்ரோக்கள். ஒரு சிறு பெயர். அந்தப் பெயரைக் கண்டதும் அமைப்பு அதனிடத்தில் ஒரு நீண்ட கட்டளைத் தொடரை விரித்துவைக்கும். 'செக்ஷன்' என்று ஒரு சொல் எழுதினால் எண் ஒன்று கூடுகிறது, எழுத்து தடிக்கிறது, மேலும் கீழும் இடம் விடப்படுகிறது, பொருளடக்கத்தில் ஒரு பதிவு சேர்கிறது, பக்கத் தலைப்பு மாறுகிறது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. தொல்காப்பியத்தில் ஓர் ஈற்றின் புணர்ச்சியை விரித்துச் சொல்லிவிட்டு, வேறோர் ஈறு வரும்போது 'அதுவும் அவ்வாறே' என்று சுட்டிச் செல்லும் முறையை உரையாசிரியர்கள் மாட்டேறு என்பார்கள். ஒரு விதியை ஒருமுறை எழுதி, பிறகு பெயரால் அழைக்கும் சிக்கனம் அது. மேக்ரோ அந்தச் சிக்கனத்தின் இயந்திர வடிவம்.

கனூத் எடுத்த ஒரு முடிவுதான் இந்தக் கதையின் திருப்பம். 1990ஐ ஒட்டி, டெக்கில் இனிப் புதிய வசதி எதுவும் சேராது, பிழைதிருத்தம் மட்டுமே என்று அறிவித்து அதை உறையவைத்தார். பதிப்பு எண் ஒவ்வொரு திருத்தத்துக்கும் 'பை' என்னும் மாறிலியின் அடுத்த இலக்கத்தைப் பெறும்; 2021இல் அது 3.141592653. அவர் காலத்துக்குப் பின் எண் 'பை' என்றே நிலைத்துவிடும். எஞ்சிய பிழைகளெல்லாம் இயல்புகளாகிவிடும். அடித்தளம் அசையாது என்றால், வளர்ச்சி முழுவதும் வெளியேதான் நடந்தாகவேண்டும்: சிலர் அடித்தளத்தைப் படியெடுத்துப் புதிய இயந்திரங்கள் செய்யலாம், மற்றெல்லோரும் மேக்ரோ எழுதவேண்டும். நாற்பதாண்டாக நடந்துவருவது அதுவே.

மைக்கேல் ஸ்பிவக் அமெரிக்கக் கணிதக் கழகத்துக்காக ஏஎம்எஸ்-டெக் எழுதினார். லெஸ்லி லாம்போர்ட் தம் சொந்தத் தேவைக்கு எழுதிக்கொண்ட மேக்ரோக்கள் லேடெக் ஆயின. லேடெக்கை 'எளிய டெக்' என்று அறிமுகப்படுத்துவது வழக்கம். அது பாதி உண்மை. லாம்போர்ட்டின் பெரிய பங்களிப்பு எளிமை அன்று. ஆசிரியர் 'இது தேற்றம்', 'இது மேற்கோள்' என்று மட்டும் சொல்லட்டும், அது எப்படித் தோன்றவேண்டும் என்பதை வேறொரு கோப்பு முடிவுசெய்யட்டும் என்ற பிரிவினையே அது. 1989இல் அவர் அந்தப் பொறுப்பை ஃபிராங்க் மிட்டல்பாக் முதலான இளைஞர்களிடம் ஒப்படைத்தார். 1994இல் வந்த லேடெக் 2ஈ, ஆவண வகுப்பு வேறு, கூடுதல் தொகுப்பு வேறு என்று வரையறுத்தபோது, யார் வேண்டுமானாலும் ஒரு தொகுப்பு எழுதி உலகுக்குத் தரலாம் என்ற வாசல் அகலத் திறந்தது. கனூத், லாம்போர்ட் இருவரும் டூரிங் விருது பெற்றவர்கள். ஒருவருக்கு 1974இல், டெக் பிறக்கும் முன்பே; மற்றவருக்கு 2013ஆம் ஆண்டுக்குரியது, பகிர்ந்தியங்கு கணினி முறைகளுக்காக. உலகின் கணித எழுத்தையே மாற்றிய வேலை இருவரின் விருதுக் குறிப்பிலும் காரணமாகவில்லை. மேதைகளுக்கே இது நிலைமை என்றால், பெயர் தெரியாத தொகுப்பாசிரியரின் நிலையை விளக்கவேண்டியதில்லை.

இந்தத் தொகுப்புகளில் பல, ஆய்வு மாணவர்களின் கையில் பிறந்தவை என்பதை நம் துறைகளில் பலர் அறிவதில்லை. ஹான் தே தான் என்னும் வியட்நாமிய மாணவர் செக் நாட்டின் பிர்னோ நகரில், மசாரிக் பல்கலைக்கழகத்தில், டெக்கிலிருந்து நேரே பிடிஎஃப் உருவாக்கும் இயந்திரத்தைச் செய்தார். 2000இல் முடித்த அவருடைய முனைவர் பட்ட ஆய்வின் பொருள், வரியோரத்து நிறுத்தற்குறியை மயிரிழை வெளியே தள்ளுவதும் எழுத்தின் அகலத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவு கூட்டிக் குறைப்பதும் பத்தியின் தோற்றத்தை எப்படிச் சீராக்கும் என்பது. அந்த ஆய்வு முழுவதும் இன்று ராபர்ட் ஷ்லிக்ட் எழுதிய மைக்ரோடைப் தொகுப்பின் வழியே ஒரே வரியில் எந்த மாணவருக்கும் கிடைக்கிறது. டில் டான்டாவ் தம் முனைவர் ஆய்வேட்டின் படங்களுக்காக எழுதிக்கொண்ட சிறு கோப்புதான் வளர்ந்து டிக்ஸ் ஆனது. 2003இல் தம் வாய்மொழித் தேர்வின் காட்சிப்படங்களுக்காக எழுதியது பீமர். இன்று இந்தியாவில் எந்தக் கணிதக் கருத்தரங்குக்குப் போனாலும் மேலே நீலப்பட்டை ஓடும் காட்சிப்படங்களாகக் கண்ணில் படுவது அந்தப் பீமர்தான். (அந்த நீலத்தை மாற்ற ஒரு சொல் போதும், யாரும் மாற்றுவதில்லை.)

ஓர் ஆய்வு மாணவரின் பக்கவேலை இருபதாண்டு கழித்தும் உலகம் முழுவதும் பயன்படுகிறது என்றால், அதைவிடத் தாக்கம் மிக்க ஆய்வேடுகள் எத்தனை?

எதிர்வாதம் ஒன்று உண்டு; அதை லேசாகத் தள்ள முடியாது. மேக்ரோ என்பது சொல்லுக்குச் சொல் மாற்றிவைக்கும் வேலை; உள்ளே அறைகளோ சுவர்களோ இல்லை. ஒரு தொகுப்பு மற்றொன்றின் கட்டளையை ஓசையில்லாமல் மாற்றி எழுதிவிடலாம். ஹைப்பர்ரெஃப் இதற்குச் சிறந்த சான்று. தலைப்பு, அடிக்குறிப்பு, மேற்கோள் எண் எல்லாவற்றையும் சொடுக்கத்தக்க இணைப்புகளாக்க வேண்டுமானால், அவற்றை உருவாக்கும் ஒவ்வொரு கட்டளைக்குள்ளும் அது கைவைத்தாகவேண்டும். அதனால்தான் அதைக் கடைசியாக அழைக்கவேண்டும் என்ற விதி மந்திரம்போல் ஓதப்படுகிறது. ஒரு சிறு அடைப்புக்குறி விட்டுப்போனால் நூறு வரி தள்ளி, தொடர்பே இல்லாத ஒரு பிழைச்செய்தி வரும். இந்தக் குப்பைமேட்டைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்பவர்கள் டைப்ஸ்ட் என்ற புதிய அமைப்பைக் காட்டுகிறார்கள். வேகமும் தெளிவும் கொண்ட நல்ல அமைப்பு அது. ஆனால் அதுவும் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இரு மாணவர்களின் முதுநிலை ஆய்விலிருந்துதான் பிறந்தது. அதற்கும் இன்று பிறர் எழுதும் தொகுப்புகள் பெருகிவருகின்றன. அமைப்பு மாறலாம். அதன்மேல் ஒவ்வொரு துறையும் தன் தேவையைத் தானே எழுதிச் சேர்க்கவேண்டும் என்ற நிலை மாறாது.

ஹைப்பர்ரெஃப்பின் வரலாற்றில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதைத் தொடங்கிய செபாஸ்டியன் ராட்ஸ் 2016இல் மறைந்தார். அதற்கும் வெகு முன்பே ஹைக்கோ ஓபர்டீக் அதன் பராமரிப்பை ஏற்றிருந்தார். இப்போது அது லேடெக் குழுவின் பொறுப்பில் இருக்கிறது. எழுதுவதைவிடக் காப்பது கடினம். டிக்ஸ் ஆய்வேட்டின் பகுதியாக இருந்தவரை அதற்குக் கல்விப்புல மதிப்பு இருந்தது. பிறகு ஆண்டுதோறும் பிழைதிருத்தி, கையேடு எழுதி, புதிய இயந்திரங்களுக்கு ஏற்ப மாற்றிவந்த உழைப்புக்குப் பெரும்பாலான நாடுகளின் மதிப்பீட்டு முறைகளில் பெயரே கிடையாது.

இந்தியாவுக்கு வருவோம். நாம் இதில் வெறும் நுகர்வோர் அல்லர். சென்னை, புதுச்சேரி, திருவனந்தபுரம் நகரங்களில் வெளிநாட்டு ஆய்விதழ்களின் பக்கங்கள் பல ஆண்டுகளாகக் கோக்கப்பட்டு வருகின்றன. எல்செவியர் இதழ்களுக்குக் கட்டுரை அனுப்புவோர் பயன்படுத்தும் எல்ஸ்ஆர்ட்டிகிள் வகுப்பின் பின்னால் திருவனந்தபுரத்தின் சி.வி. இராதாகிருஷ்ணனின் உழைப்பு இருக்கிறது. டெக் பயனர் குழுவின் உலக மாநாடு 2002இலும் 2011இலும் அந்நகரில்தான் கூடியது. அங்கிருந்து இயங்கிய இந்திய டெக் பயனர் குழு 2003இல் வெளியிட்ட லேடெக் பாடநூல், இ. கிருஷ்ணன் பதிப்பித்தது, இன்றும் புதியவர்களுக்குத் தயங்காமல் கொடுக்கத்தக்கது. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டம் லேடெக்குக்குக் காணொளிப் பாடங்கள் செய்திருக்கிறது. திறமைக்குப் பஞ்சமில்லை.

பஞ்சம் அங்கீகாரத்தில். பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018 விதிமுறைகளில் ஆய்வு மதிப்பெண் அட்டவணை ஒன்று இருக்கிறது. ஆய்விதழ்க் கட்டுரைக்கு அறிவியலில் 8, மொழி மற்றும் மானிடவியல் துறைகளில் 10. பன்னாட்டுக் காப்புரிமைக்கு 10, தேசியக் காப்புரிமைக்கு 7. நூலுக்கு, மொழிபெயர்ப்புக்கு, இணையவழிப் பாடத்துக்கு எல்லாம் இடம் உண்டு. ஆயிரம் பேர் பயன்படுத்தும் திறந்தமூல மென்பொருளுக்கென்று தனி வரி இல்லை. காப்புரிமை பெற்றுப் பூட்டிவைத்தால் மதிப்பெண். எல்லோருக்கும் திறந்து கொடுத்தால் சுழியம். இந்தக் கணக்கை வகுத்தவர்களுக்குத் தீய எண்ணம் இருந்திருக்காது. அவர்கள் எழுதிய கட்டுரைகளுக்குப் பின்னால் அந்த இருபது வரிகள் இருந்ததை அவர்களும் கவனித்திருக்கமாட்டார்கள்.

விளைவைப் பார்க்கத் தொலைவு போகவேண்டாம். பல துறைகளில் புழங்கும் ஆய்வேட்டு வார்ப்புரு, என்றோ படித்து முடித்துப்போன ஒரு மாணவர் எழுதியது. விளிம்பளவு விதி மாறும்போது அடுத்து வரும் மாணவர் அதன்மேல் ஓர் ஒட்டுப்போடுவார். பொறுப்பாளர் எவரும் இல்லை, கையேடு இல்லை, பதிப்பு எண் இல்லை. பல்கலைக்கழகம் விளிம்பு ஒன்றரை அங்குலம் என்று சுற்றறிக்கை விடும். அந்த ஒன்றரை அங்குலத்தைச் செயலாக்கும் கோப்பைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளாது.

ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இது தொல்லை மட்டுமே. தமிழில் எழுதுபவருக்குத் தடை. எட்டு பிட் எழுத்துருக் காலத்தில், கொம்பும் காலும் எழுத்தின் இருபுறமும் நிற்கும் தமிழை டெக்கில் கோக்க, மூலக் கோப்பை முதலில் வேறொரு நிரலால் மாற்றவேண்டியிருந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ரிட்ஜ்வே அப்படி ஒரு தமிழ்த் தொகுப்பைச் செய்துகொடுத்தார். 2004இல் ஜொனாதன் கியூவின் சீடெக் வந்து யூனிகோடை நேரே படித்தது. வில் ராபர்ட்சனின் ஃபான்ட்ஸ்பெக் எழுத்துருவை ஒரே வரியில் அழைக்கவைத்தது. பாலிகுளாசியா தமிழுக்கும் இடம் தந்தது. தமிழ்ச் சொற்களை வரியிறுதியில் எங்கே பிரிக்கலாம் என்னும் விதிகளை மலையாளியான சந்தோஷ் தோட்டிங்கல் எழுதிச் சேர்த்தார். இவை யாவும் போற்றத்தக்கவை. இவற்றில் எதுவும் ஒரு தமிழ்த்துறையிலிருந்து வரவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

எஞ்சியிருப்பது எது என்பதற்குச் சொல்லடைவை எடுத்துக்கொள்ளலாம். லேடெக்கோடு வழக்கமாக இணையும் மேக்இண்டெக்ஸ் நிரல் யூனிகோடு எண்வரிசையில் சொற்களை அடுக்கும். யூனிகோடில் ன என்பது ந-வை அடுத்தும், ற என்பது ர-வை அடுத்தும், ழ என்பது ள-வை அடுத்தும் நிற்கின்றன. ஆகவே தமிழ் அகராதியில் மரம், மலர், மழை, மறம், மனம் என்று வரவேண்டியவை மனம், மரம், மறம், மலர், மழை என்று வரும். மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன் வரவேண்டும் என்ற விதியும் தலைகீழாகி, கண் என்னும் சொல் கணத்துக்குப் பின்னால் போய்விடும். சங்க இலக்கியச் சொல்லடைவு ஒன்றை இப்படிப் பார்த்த எந்த நெறியாளரும், மாணவரைச் சொற்செயலிக்கே திருப்பி அனுப்பிவிடுவார். அவரைக் குறைசொல்ல முடியாது. யூனிகோடு அடுக்குமுறையை அறிந்த வேறு கருவிகள் இருக்கின்றன; அவற்றைத் தமிழ் ஆய்வேட்டின் தேவைக்குப் பொருத்தி, கையேட்டோடு கொடுக்கும் தொகுப்புதான் வேண்டும். கணினியியலும் தமிழும் அறிந்த ஒரு மாணவர் ஓராண்டில் செய்யத்தக்க வேலை. செய்தால் அவருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால், இப்போதைய கணக்கில் ஒன்றுமில்லை.

இதைவிடப் பெரிய வாய்ப்பு பதிப்புத்துறையில் கிடக்கிறது. 1990ஐ ஒட்டி ஜான் லவாக்னினோவும் சமஸ்கிருத அறிஞர் டொமினிக் வுயாஸ்டிக்கும் எட்மேக் என்ற மேக்ரோ தொகுப்பை எழுதினார்கள். வரிக்கு வரி எண் இட்டு, பாடபேதங்களை அந்த எண்ணோடு சேர்த்து அடியில் பல அடுக்குகளாகத் தரும் செம்பதிப்புகளுக்கானது அது. ஓர் இந்தியவியலாளர் தம் தேவைக்கேற்பக் கருவியைத் தாமே விரித்துக்கொண்டார். பீட்டர் வில்சன் அதை லேடெக்குக்குக் கொண்டுவந்தார். இன்று மாயெல் ருகெத்தின் ரெலெட்மேக்காக அது ஐரோப்பியச் செவ்வியல் பதிப்பாளர்களுக்கும் பயன்படுகிறது. இலத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் உதவும் ஒரு கருவியின் உருவாக்கத்தில் ஒரு சமஸ்கிருத அறிஞரின் பங்கு இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் காலத்திலிருந்து பாடபேதங்களை அடிக்குறிப்பில் தொகுத்துவரும் தமிழ்ப் பதிப்பு மரபுக்கு, மூலம், பதவுரை, விசேடவுரை, பாடபேதம், மேற்கோள் விளக்கம் என்ற தன் பக்க அமைப்பை அறிந்த, பரவலாகப் புழங்கும் தொகுப்பு ஒன்று இன்னும் இல்லை. அப்படி ஒன்றை எழுதவேண்டுமானால் உரைமரபை வரிவரியாக ஆராய்ந்தாக வேண்டும்: எந்த உரை எந்த அடியோடு கட்டுண்டது, ஒரு பாடபேதம் எத்தனை சீரை விழுங்குகிறது, கொளுவும் துறையும் எங்கே நிற்கும் என்றெல்லாம். அது ஆய்வு அல்லாமல் வேறென்ன?

துறைகள் இதற்காக மானியக்குழுவின் அடுத்த திருத்தத்துக்குக் காத்திருக்கவேண்டியதில்லை. முதுநிலை மாணவரின் திட்டப்பணியாக, கையேடும் சோதனைக் கோப்புகளும் கொண்ட ஒரு தொகுப்பை ஏற்றுக்கொள்ளத் துறைக்குழுவின் ஒரு தீர்மானம் போதும். முனைவர் ஆய்வேட்டின் ஓர் இயலாகவும் ஏற்கலாம், பிர்னோவில் ஏற்றார்கள். பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டு வகுப்பை நூலகத்தின் பொறுப்பில் வைத்து, பதிப்பு எண் கொடுத்து, ஆண்டுக்கொருமுறை புதிய டெக் லைவ் வெளியீட்டோடு சரிபார்க்கலாம்.

மேற்கோள் காட்டுவது இன்னும் எளிது. 'லிஸ்ட்ஃபைல்ஸ்' என்ற ஒரு கட்டளையைக் கோப்பின் தலையில் எழுதினால், ஆவணம் அழைத்த ஒவ்வொரு தொகுப்பின் பெயரும் தேதியும் பதிப்பு எண்ணும் பதிவுக்கோப்பின் கடைசியில் வரிசையாக வந்துவிடும். ஆசிரியர் பெயர் அந்தந்தக் கையேட்டின் முதற்பக்கத்தில் இருக்கிறது. அவற்றுள் ஆய்வேட்டின் உருவத்தைத் தீர்மானித்த நான்கைந்தை எடுத்துத் துணைநூற்பட்டியலில் 'மென்பொருள்கள்' என்ற தலைப்பில் சேர்க்க ஒரு மாலைப்பொழுதுகூட ஆகாது.